கெமிக்கல் பிளாண்டில் மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு என்ன வேலை?

"அங்கே போனால் போல்ட் முடுக்கும் வேலைதான்" என்று நண்பர்கள் சொல்வதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அனேகமாக மெக்கானிக்கல் கடைசி வருஷம், கையில் ஒரு கெமிக்கல் கம்பெனி வேலை, சேரலாமா என்ற குழப்பம். சேருங்கள். இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன்; அந்தப் பேச்சு எனக்கும் சுருக்கென்றுதான் தைத்தது.

எதை எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் வைப்பது என்பது கெமிக்கல் இன்ஜினியர் கணக்கு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் "2 மீட்டர் விட்டம், 10 பார் அழுத்தம்" என்று அவர் தரும் தாளைப் பாத்திரமாக்குவது நாம். சாதாரண கார்பன் ஸ்டீல் என்றால் சுமார் எட்டரை மி.மீ. தடிமன் வரும், அரிமானத்துக்கு 3 மி.மீ. சேர்த்து 12 மி.மீ. தகடு எடுப்போம். வெல்டிங், எக்ஸ்ரே, சப்போர்ட், பம்ப் எல்லாம் நம் பொறுப்பு.

என் முதல் கமிஷனிங்கில், அதாவது புது பிளாண்டை ஓட வைக்கும் வேலையில், ஒரு தெர்மிக் ஃப்ளூயிட் பம்ப்; சூடான எண்ணெயைச் சுற்ற வைப்பது. தண்டு வழியே எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒரே வாரத்தில் மூன்று முறை போனது. பம்பும் மோட்டாரும் நேர்கோட்டில் இல்லை, அலைன்மென்ட் சரியில்லை என்று எல்லோரும் ஃபிட்டர் மேல் பாய்ந்தார்கள். நானும்தான். அவரோ முதல் நாளே "சார், லைன் இழுக்குது" என்று, குழாய் பம்பை இழுப்பதைச் சொல்லியிருந்தார். நான்காம் முறை, லைன் ஆறிய பிறகு, சக்‌ஷன் ஃபிளாஞ்சை, அதாவது பம்புக்குள் எண்ணெய் வரும் பக்கத்துக் குழாய் இணைப்பை, கழற்றச் சொன்னேன். கடைசி போல்ட் வெளியே வந்ததும் குழாய் இரண்டு விரற்கடை விலகிப் போய் நின்றது. செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு இழுத்து மாட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, சூட்டில் குழாய் நீள்வதற்கு இடம் தர வரைபடத்தில் இருந்த வளைவை, லூப்பை, இடத்தை அடைக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். 20 மீட்டர் இரும்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 48 மி.மீ. நீளும். அது பம்பைத்தான் தள்ளும். லூப்பைத் திரும்ப வைத்து, குழாயை இழுக்காமல் மாட்டினோம். அப்புறம் சீல் போகவில்லை.

சீல் போனால் எண்ணெய்தான் ஒழுகும் என்பவர்கள் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவைப் படியுங்கள். 1974இல் அங்கே வரிசையாக நின்ற 6 ரியாக்டர்களில் ஐந்தாவதில் விரிசல். அதை எடுத்துவிட்டு, 28 அங்குல வாய்களுக்கு நடுவே, இரு முனையிலும் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக நெளிந்து கொடுக்கும் இணைப்பு) வைத்து 20 அங்குலக் குழாய் ஒன்றை மாட்டினார்கள். பக்கத்து ரியாக்டர்கள் உயரத்தில் வேறுபட்டதால் குழாயை நடுவில் வளைவு வைத்தே செய்தார்கள். பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட படம்தான் டிசைன். குழாயைத் தாங்கியது கட்டட வேலைக்குக் கட்டுவது போன்ற சாரம். வளைவில் என்ன விசை வரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய ஒர்க்ஸ் இன்ஜினியர் (ஆலையின் தலைமைப் பொறியாளர்) பதவி காலியாக இருந்தது. ஜூன் 1 அன்று அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது, எளிதில் தீப்பிடிக்கும் சைக்ளோஹெக்ஸேன் வெளியேறி வெடித்தது, 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை, ஆட்கள் குறைவு என்பதால்தான் அத்தோடு போயிற்று. ஒரு மெக்கானிக்கல் ஆள் அரை நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் அந்தக் குழாயை அப்படி மாட்ட விட்டிருக்க மாட்டார்.

இனி சொல்வது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனால் மனதில் இருக்கிறது. அந்த ஃபிட்டர் கான்ட்ராக்ட் ஆள். கேன்டீனில் அவர்களுக்குத் தனி வரிசை, எங்கள் சாப்பாடு முடிந்த பிறகு. ஸ்டாஃப் யாராவது "லைன் இழுக்கிறது" என்று சொல்லியிருந்தால் அன்றே பார்த்திருப்போம். அவர் சொன்னதால் மூன்று சீல் போகும்வரை விட்டோம். பிளாண்ட் ஓடத் தொடங்கிய வாரமே அவருடைய கேட் பாஸைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவரைத் தேடிப் போனபோது வேறு சைட்டுக்குப் போய்விட்டிருந்தார்.