மாமியார் ரிமோட்டைப் பிடுங்கிய குளியல் காட்சி

கேள்வி: என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 14. போன ஞாயிறு வீட்டில் எல்லோரும் ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமே படம் பார்த்தோம். குழந்தைகள் படம் என்று நம்பித்தான் போட்டேன். நடுவில் அப்பாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கிற காட்சி. உடம்பில் துணி இல்லை. மாமியார் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டார். “வெட்கம் கெட்ட ஜனங்க” என்று ராத்திரி வரை புலம்பல். அப்புறம் மகனின் மொபைலை எடுத்துப் பார்த்தேன். அவன் பார்க்கிற தொடரில் பெண்களை வரைந்திருக்கும் விதம் எனக்கே கூசியது. கேட்டால், “அது அவங்க கல்ச்சர்மா” என்கிறான். நிஜமாகவே கலாச்சாரம்தானா? வீட்டில் அனிமேயையே நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். முதலில் அந்தப் படத்தின் மிச்சத்தைப் பார்த்து முடியுங்கள். உங்கள் மாமியார் அணைத்த இடம், படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குடிவந்திருப்பதோ பழைய வீடு. வெளியே காற்று பேயாக அடிக்கிறது, பிள்ளைகள் மிரண்டுபோய் இருக்கிறார்கள். தொட்டியில் இருக்கும் அப்பா திடீரென்று வாய்விட்டுச் சிரிக்கிறார். நீங்களும் சிரியுங்கள், பயம் ஓடிவிடும் என்கிறார். மூன்று பேரும் தண்ணீரை அடித்துக்கொண்டு சிரிக்க, அந்த வீட்டில் குடியிருந்த கரி உருண்டைப் பூதங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகின்றன. ஹயாவோ மியாசாகி 1988ல் எடுத்த படம். ஜப்பானில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்றுதான் சான்றிதழ்.

அவர்கள் வீட்டுக் குளியல் நம்முடையதைப் போன்றது இல்லை. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம்தான் தொட்டியில் இறங்குவார்கள். தொட்டி ஊறுவதற்கு மட்டும். அதே வெந்நீரில் வீட்டில் உள்ள எல்லோரும் முறைவைத்து இறங்குவார்கள். நாளெல்லாம் வேலைக்குப் போய்வரும் அப்பாவுக்குச் சின்னப் பிள்ளைகளோடு பேசக் கிடைக்கிற நேரமே பல வீடுகளில் அதுதான். ‘ஹடாகா நோ ட்சுகியாய்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். துணியோடு சேர்த்துப் பதவி, பகட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பழகுவது என்று பொருள். நம் ஊரில் தீபாவளிக் காலையில் அப்பா பிள்ளைகளை வரிசையாக மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவதை யாராவது ஆபாசம் என்பார்களா? அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிற பிள்ளையை?

சொல்லிவிட்டேனே தவிர, நானும் ஒரு காலத்தில் உங்கள் மாமியார் கட்சிதான். பல வருடங்களுக்கு முன் பெப்பு என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கம் நுழையும்போது கையில் ஒரு துண்டு கொடுத்தார்கள். கைக்குட்டைக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான். மார்புவரை பாவாடையைக் கட்டிக்கொண்டு படித்துறையில் இறங்கி வளர்ந்தவள் நான். உடை மாற்றும் அறையிலேயே பத்து நிமிஷம் நின்றேன். ஒருவழியாக உள்ளே போனால் பாட்டிகள், பேத்திகள், ஆபீஸ் பெண்கள். ஒருத்தர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி என்று அந்தத் துண்டால் மறைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். துண்டைத் தொட்டி நீரில் நனைக்கக் கூடாதாம்! அங்கே வெட்கக்கேடு என்றால் அதுதான்.

அதற்காக ஜப்பானியர்கள் ஆதிகாலம் தொட்டு ஒரே மனநிலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் பொதுக் குளியல் கூடங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளிப்பது பல இடங்களில் சாதாரணம். 1854ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்களில் வந்தவர்கள் ஷிமோடா துறைமுகத்தில் அதைப் பார்த்து முகம் சுளித்து எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைத்துவிடுவானோ என்ற பயம், பிறகு வந்த மெய்ஜி பேரரசரின் அரசுக்கு. 1872ல் டோக்கியோவில் ஒரு சட்டம் போட்டு, சேர்ந்து குளிப்பதற்கும் தெருவில் வெற்றுடம்போடு நடமாடுவதற்கும் தண்டனை என்றார்கள். இந்தக் கூச்சத்தில் பாதி, நம்மைப் போலவே, வெளியிலிருந்து வந்ததுதான்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். குரோடா செய்கி என்ற ஓவியர் பாரிஸில் படித்துவிட்டு வந்து, கண்ணாடி முன் நிற்கும் ஆடையில்லாப் பெண்ணின் ஓவியத்தை 1895ல் கியோட்டோ கண்காட்சியில் வைத்தார். ஊரே கொதித்தது. 1901ல் அவருடைய இன்னொரு ஓவியத்தின் கீழ்ப்பாதிக்குத் துணி சுற்றிவிட்டார்கள். குளியலறையில் கண்ட உடம்பு யாருக்கும் உறுத்தவில்லை. பார்ப்பதற்கென்றே சுவரில் மாட்டியதும் உறுத்திவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகன் விஷயத்துக்கு உதவும்.

அவன் சொல்லும் ‘கல்ச்சர்’ அந்தக் குளியல் தொட்டி இல்லை. அதன் பெயர் ‘சர்வீஸ்’. கதைக்குச் சம்பந்தமில்லாமல், ரசிகனைக் குஷிப்படுத்துவதற்காகப் பாவாடையைப் பறக்கவிடுவது, கேமரா போகக் கூடாத இடத்துக்குப் போவது. 1968ல் கோ நாகாய் என்ற ஓவியர் ஒரு பள்ளிக்கூடக் காமிக்ஸில் இதையே நகைச்சுவையாக்கினார். பையன்கள் வகுப்பில் அதைச் செய்து பார்க்க ஆரம்பித்ததும் ஜப்பானியத் தாய்மார்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். உங்களைப் போன்ற அம்மாக்கள்தான்.

இன்றைக்கு அது பெரிய வியாபாரம். இப்படிப்பட்ட தொடர்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் டிவியில் வரும். ஜப்பானில் நிகழ்ச்சி நேரம் எழுதும்போது இரவு ஒரு மணியை ‘25 மணி’ என்று போடுவார்கள். அந்த 25 மணிச் சரக்கிலும் டிவிக்காக அங்கங்கே வெள்ளை நீராவியை வரைந்து மறைத்துவிட்டு, டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஆவியை நீக்கிக் கொடுப்பதுண்டு. காசு கொடுத்தால் விலகுகிற ஆவி! கலாச்சாரமாக இருந்தால் அதை எதற்கு மறைத்து, அப்புறம் விலைக்கு விற்க வேண்டும்?

நம் வீட்டுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் வருகிற டோரேமான் எது, 25 மணிக்கு வருகிறது எது என்று அங்கே கடிகாரமே பிரித்துவிடுகிறது. நம் மொபைலில் எல்லாம் ‘அனிமே’ என்ற ஒரே அலமாரியில் கிடக்கிறது. உங்கள் மகன் திருடிப் பார்க்கவில்லை, அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பள்ளிச் சீருடையில் இருக்கும், குழந்தை முகம் கொண்ட பாத்திரங்களை அந்த மாதிரிக் காட்டுவதை நான் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கமாட்டேன். ஜப்பானிலேயே இது தீராத சண்டை. குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று 2014ல் சட்டத்தைத் திருத்தியபோது, அனிமேயையும் மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸையும் அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். படைப்புச் சுதந்திரம் என்றது ஒரு தரப்பு. எனக்கு அது ஏற்கவில்லை. மகன் பார்த்தது அந்த ரகம் என்றால், பேச்சுக்கே இடமில்லாமல் அந்தத் தொடரை நிறுத்துங்கள்.

மற்றதற்குக் கத்த வேண்டாம். ஓ.டி.டி. கணக்கில் அவனுக்குத் தனிப் பக்கம் போட்டு, யு/ஏ 13+ வரை என்று பூட்டிவையுங்கள். அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எபிசோட் பாருங்கள். சந்தேகப்படும்படி ஏதாவது வந்தால், “இந்தக் காட்சி கதைக்கு எதுக்குடா?” என்று மட்டும் கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது 14 வயதுப் பையனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அவனே மாற்றிவிடுவான்.

மகளிடம் “சீ, கண்ணை மூடு” என்று சொல்லாதீர்கள். உடம்பே அசிங்கம் என்று அவள் புரிந்துகொண்டால், நாளைக்கு யாராவது அவளிடம் தவறாக நடந்தாலும் அதை உங்களிடம் சொல்ல வாய் வராது. “அவங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்க அப்பாவோட குளிப்பாங்க. நம்ம வீட்டுல நீ தனியாக் குளிக்கிற. அம்மாவைத் தவிர வேற யார் வந்தாலும் வேண்டாம்னு சொல்லணும்” – இவ்வளவு போதும். இன்னொன்றும் சொல்லலாம். எதிர்ப்பாலார் பக்கத்துக் குளியல் கூடத்துக்குப் பிள்ளைகளை எந்த வயதுவரை கூட்டிப்போகலாம் என்பதற்கு ஜப்பான் சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. முன்பு சுமார் 10 வயது. 2020 டிசம்பரில் அதைச் சுமார் 7 ஆகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் மகளின் வயதுதான்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு மத்தியானம் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சின்ன வயதில் காவிரிப் படித்துறையில் எப்படிக் குளித்தார்கள், யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் நிறுத்தமாட்டார். அப்படியே படத்தைப் போட்டுவிடுங்கள், ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். படத்தில் அந்தப் பூனை உருவ பஸ் வரும்வரை எப்படியாவது உட்காரவைத்துவிடுங்கள்.