காதைத் தாக்கும் ஊசி மருந்துகள்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

மூதூர் வாசகர்: அப்பாவுக்கு ஜென்டாமைசின் என்ற கிருமிகொல்லி ஊசி போடுகிறார்கள். காதுக்குக் கூடாதாமே, உள்ளே என்னதான் நடக்கும்?

உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்களின் நுனியில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. மருந்து அதன் வழியே உள்ளே போய்விடும். லேசில் வெளியே வராது. கலத்துக்குச் சக்தி தருவது இழைமணி (மைட்டோகொண்ட்ரியா). அதில் புரதம் செய்யும் பகுதியான ரைபோசோம் பற்றீரியாவினுடையதை ஒத்தது. அதனால் மருந்து அதையும் பிடித்துக்கொள்ள, சக்தி தரும் நொதியங்களுக்கான புரதங்கள் உருவாவது குறைகிறது. இரும்போடு சேர்ந்து தீய ஒட்சிசன் மூலிகங்களையும் கிளப்பும். அவற்றை அடக்கும் கற்றலேசு போன்ற நொதியங்களால் ஈடுகொடுக்க முடியாதபோது, கஸ்பேசு நொதியங்கள் விழித்துக் கலத்தையே கொன்றுவிடும். செத்த மயிர்க்கலம் மனிதரில் திரும்ப முளைக்காது.

முதலில் சாவது நத்தைச்சுருளின் (உட்காதில் ஒலியை உணரும் சுருள் உறுப்பின்) அடிப்பக்கம், அதாவது உயர் சுருதியைக் கேட்கும் பகுதி. பேச்சு நன்றாகவே கேட்பதால் யாருக்கும் தெரியவராது. ஆகவே முதல் ஊசிகளோடேயே ஒரு கேட்டல் பரிசோதனை எடுங்கள். 8000 ஹேர்ட்ஸுக்கு மேலும் பார்க்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஜென்டாமைசின் கேட்டலைவிடச் சமநிலையைத்தான் அதிகம் கெடுக்கும்: இருட்டில் தள்ளாட்டம், நடக்கும்போது கடைப்பலகை எழுத்து துள்ளுவது. இவற்றைக் கண்டால் அடுத்த ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். சலம் போவதற்கான பியூரோசெமைட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சிறுநீரகம் பலவீனமென்றால் மருந்து உடலில் தேங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிருமி உயிரையே எடுக்கலாம். ஊசி முடிந்து சில வாரங்கள் கழித்தும் கேட்டல் குறையக்கூடும், அப்போதும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

கிண்ணியா வாசகி: அம்மாவுக்கும் தாய்மாமாவுக்கும் இதே வகை ஊசி சிலவற்றிலேயே காது போய்விட்டது. எனக்கும் வருமா?

வரக்கூடும். இழைமணி மரபணுவில் 1555ஆம் இடத்தில் உள்ள ஒரு மாற்றம் இப்படிச் செய்யும். அது தாய்வழி மட்டுமே இறங்கும். மாமாவின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது. உங்கள் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்.

நிலாவெளி வாசகர்: கடலில் குளித்தபின் மகனுக்குக் காதில் சீழ். செவிப்பறையிலும் ஓட்டையாம். வீட்டில் நியோமைசின் சொட்டு இருக்கிறது, விடலாமா?

வேண்டாம். நியோமைசினும் ஜென்டாமைசின் வகைதான், ஓட்டை வழியே அது உட்காதுக்குப் போய்விடும். சிப்ரோபுளொக்சசின் சொட்டு பாதுகாப்பானது, அதையும் வைத்தியர் காதைப் பார்த்துத் தரட்டும். போத்தலைக் கையில் பிடித்துச் சற்றுச் சூடாக்கிவிட்டு விடுங்கள். குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும்.

உப்புவெளி வாசகர்: அமொக்சிசிலினும் இப்படியா?

இல்லை. அதற்கு உட்காதைக் கெடுக்கும் இயல்பு கிடையாது.