வயதான பெற்றோரை வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவது வீண்செலவா?

அம்மாவுக்கு 70 ஆகப் போகிறது, வெளிநாடு கூட்டிப் போனாலும் அறைக்குள்தான் படுத்துக் கிடப்பார், காசுதான் கரி என்று வீட்டில் சொல்கிறார்கள், என்ன செய்வது எனக் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்வது அநேகமாக உங்கள் அண்ணனோ சித்தப்பாவோதான். எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

2025 மே கடைசியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் இலங்கை போனோம். அம்மா பிறந்தது அங்கே மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் தாத்தா குடும்பமும் ஒன்று. 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரி வந்து சேர்ந்தார்கள். அப்போது அம்மாவுக்குப் 17 வயது.

உடனே யாராவது “அப்படியானால் அது சொந்த ஊர்தானே, வெளிநாட்டில் எப்படிச் சேரும்?” என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள், காசு மாற்றினோம், சிம் மாற்றினோம். என் கணக்கில் அது வெளிநாடுதான்.

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை. நாவலப்பிட்டி வரை பிள்ளைகளும் நானும் நின்றுகொண்டே வந்தோம். அம்மாவுக்கு ஒரு சிங்களப் பெண் எழுந்து இடம் கொடுத்தார். வடைக்காரர் “வடே, வடே” என்று வந்ததும் அம்மா கை நீட்டி நாலு வடை வாங்கினார். எண்ணெயில் பொரித்த காய்ந்த மிளகாயோடு, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தார். தாளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட கழித்தல் கணக்கு, மேலே சிவப்பு மையில் ‘சரி’. என் மகள் வடையை விட்டுவிட்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹட்டன் தாண்டியதும் அம்மா திடீரென நிமிர்ந்து உட்கார்ந்தார். “டேய், சிங்கமலை வருது. புள்ளைங்கள தலைய உள்ள எடுக்கச் சொல்லு.” சிங்கமலைச் சுரங்கம் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரயில் உள்ளே நுழைந்து இருட்டியதுதான் தாமதம், என் பக்கத்திலிருந்து “ஊஊஊ” என்று ஒரு கூச்சல். பிள்ளைகள் என்று நினைத்தேன். அம்மா! ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட நர்ஸிடம் சத்தமாகப் பேசக் கூச்சப்படுகிறவர். அடுத்த நொடி பெட்டி முழுக்க ஊளை. கதவோரம் நின்ற வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டு பேரும் கூடக் கத்தினார்கள். வெளிச்சம் வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். “சின்னதுல நாங்க எல்லாரும் இப்படித்தான் கத்துவோம்” என்றார்.

தலவாக்கலையில் இறங்கியதும்தான் எனக்குப் பயம். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த ஒரு பெயர் இருக்கும், நம் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டும். இரண்டு மாதம் மேப்பில் தேடியும் எனக்கு அகப்படவில்லை. (சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருப்பதால் இங்கே எழுதவில்லை.) ஸ்டேஷன் வாசலில் ஆட்டோத் தம்பியிடம் அம்மா பெயரைச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மேல் டிவிசனா, கீழ் டிவிசனா பெரியம்மா?” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மழை தூறிக்கொண்டிருந்தது. மலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் என் மனைவியின் காலில் மூன்று அட்டை. அவள் போட்ட அலறலில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா பதறவே இல்லை. “சவுக்காரம் இருந்தாக் குடும்மா” என்று முதல் லயத்தில் கேட்டு வாங்கி, ஈரக் கையால் குழைத்துத் தடவினார். மூன்றும் சுருண்டு விழுந்தன. பிறகு மருமகள் காலுக்கும் பேரப்பிள்ளைகள் காலுக்கும் முழங்கால் வரை பூசிவிட்டார்.

கொழுந்து மலையில் ஒரு அக்கா தன் கூடையைக் கொடுக்க, அம்மா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு இலை ஒரு மொட்டு. இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகிறது, கண் இலையைப் பார்க்கவே இல்லை. “அக்காவுக்குக் கை மறக்கல” என்று பக்கத்து நிரையிலிருந்து ஒரு குரல். அந்த நேரம் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்தார். யார் நீங்கள், யாரைக் கேட்டு மலைக்குள் வந்தீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். அம்மா கூடையை இறக்காமலே பதில் சொன்னார்: “எம் பேரும் இந்தத் தோட்டத்துச் செக்ரோல்ல இருந்துச்சு தம்பி.” செக்ரோல் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்ப் பதிவேடு. அவர் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப் போனார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே அரை நூற்றாண்டு கழித்துப் போன அம்மாவை ஒரு வார்த்தையில் நம்பினார்கள். இங்கே என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனால், “நீங்க சிலோன்காரங்க, பழைய ஆதாரம் கொண்டாங்க” என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவின் குடும்ப அட்டை, முகாம் காகிதம் எல்லாம் வைத்திருந்தும்தான். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

செலவு கேட்டீர்கள் அல்லவா? திருச்சியிலிருந்து விமானம் ஒரு மணி நேரம்தான். உள்ளூரில் ரயில், பஸ் என்று போனால் கட்டுப்படியாகும். அம்மாவின் முட்டிவலித் தைலத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.

எங்கள் அம்மா இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் மாதச் சீட்டுப் போட்டிருக்கிறார். அடுத்த மே மாதத்துக்கு, அவருடைய சொந்தக் காசில்.