டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் மருத்துவச் சுருக்கெழுத்துகளைப் புரிந்துகொள்வது எப்படி?

கேட்டவர் சொன்னது இதுதான்: அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த ஃபைல் முழுக்க இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்கள். இணையத்தில் தேடத் தேட பயம்தான் கூடுகிறது.

முதலில் அந்தத் தேடலை நிறுத்துங்கள். நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நிற்கிறேன். இப்படி ஃபைலோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது, அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் ஒன்றுமில்லாத எழுத்துகளைப் பார்த்துத்தான். கவனிக்க வேண்டிய எழுத்துகளைக் கண்டுகொள்வதே இல்லை.

'ஆர்ஏ' என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேடினால் முடக்குவாதம் என்று வரும். ஆனால் ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் '98 சதவீதம், ஆர்ஏ' என்று இருந்தால் அது ரூம் ஏர். ஆக்சிஜன் வைக்காமலேயே 98 இருக்கிறது, நல்ல செய்தி. அதே ஃபைலில் எக்கோ ரிப்போர்ட்டைத் திருப்பினால் அங்கே ஆர்ஏ என்பது இதயத்தின் வலது மேலறை. ஒரே இரண்டெழுத்துக்கு மூன்று அர்த்தம். 'ஓடி' என்பதும் இப்படித்தான். மாத்திரைக்கு எதிரே இருந்தால் தினம் ஒருமுறை, கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தால் வலது கண். அதனால் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தத் தலைப்பின் கீழ், எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'இஎஃப் 60 சதவீதம்' என்று பார்த்துவிட்டு, அப்பாவுக்கு இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று கலங்குகிறவர்கள் நிறைய. இது பரீட்சை மார்க் இல்லை. இதயத்தின் கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நல்ல ஆரோக்கியமான இதயமே சுமார் 55 முதல் 70 வரைதான் தள்ளும். நூறு யாருக்கும் கிடையாது. இசிஜியில் வரும் 'சைனஸ் ரிதம்' என்பதற்கும் மூக்கில் வரும் சைனஸுக்கும் சம்பந்தமில்லை. துடிப்பு அது கிளம்ப வேண்டிய இடத்திலிருந்தே கிளம்புகிறது என்று பொருள்.

ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் எழுதுவார்கள். 'நோ கிளாட்' (ரத்தக்கட்டி இல்லை), 'நோ எஃப்யூஷன்' (நீர் கோக்கவில்லை) என்று வரிசையாக வரும். படபடப்பில் அந்த 'நோ' கண்ணில் படாது, கிளாட் மட்டும் படும். ஒரு நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறியோ 'ஆர்/ஓ' என்றோ இருந்தால் அது சந்தேகம், அவ்வளவுதான். 'ஆர்/ஓ டிபி' என்றால் டிபி இருக்கிறது என்று அர்த்தமில்லை, டிபி இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். 'என்ஏடி' கோளாறு எதுவும் தென்படவில்லை. 'கே/சி/ஓ' ஏற்கெனவே தெரிந்த வியாதி. 'எஸ்ஹெச்டி' என்பது நாம் பிபி என்று சொல்லும் ரத்தக் கொதிப்பு. ஹாஷ் குறி போட்டிருந்தால் எலும்பு முறிவு.

சரி, இப்போது கவனிக்க வேண்டிய பக்கத்துக்கு வருவோம். அது கடைசியில் இருக்கும் மருந்துப் பட்டியல்.

மருந்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள்தான் முக்கியம். எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று இருந்தால் அந்த மாத்திரை வயிற்றுக்குள் போய் மெதுவாக, மணிக்கணக்கில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. பெரியவரால் விழுங்க முடியவில்லை என்று அதைப் பொடித்து வெந்நீரில் கலந்து கொடுத்தால், நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பொடிப்பதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிபி மாத்திரை டெல்மிசார்டன் சிலருக்குத் தனியாக வரும், சிலருக்கு 'ஹெச்' அல்லது 'ஏஎம்' சேர்ந்து வரும். ஹெச் என்றால் கூடவே நீர் பிரிய வைக்கும் மருந்து, ஏஎம் என்றால் ஆம்லோடிபின். ஏஎம் என்பதைக் காலை மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு! கடையில் அந்த எழுத்து இல்லாத அட்டையை மாற்றிக் கொடுத்தால் இரண்டு மருந்தில் ஒன்று நின்றுபோகும், பிபி ஏறும், காரணமும் புரியாது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடுவது. அதைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சீட்டில் வாரம் ஒருமுறை என்று இருந்தால், எந்தக் கிழமை என்பதையும் கேட்டு அட்டையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்சுலினும் அப்படித்தான். நம் நாட்டில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்கு உள்ளதற்குச் சிவப்பு மூடி, 100க்கு உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சுகர் தடாலென்று இறங்கி மயக்கமாகிவிடும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

நேரக் குறிப்புகள் சுலபம். 'பிடி' (BD) இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கும்போது, ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின். 1-0-1 என்றால் காலை, இரவு. எஸ்ஓஎஸ் என்று பார்த்து ஏதோ ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று பொருள். எத்தனை மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

தமிழில் விளக்கிச் சொன்னாலும் குழப்பம் வரும் ஒரு இடம் இருக்கிறது. 'உப்பு கூடிவிட்டது' என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் கிரியாட்டினினைச் சொல்கிறார். அது தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டியது. 'உப்பு குறைந்துவிட்டது' என்றால் சோடியம். வயதானவர்களுக்கு அது இறங்கினால் பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார். பேச்சில் இரண்டையும் உப்பு என்றாலும் இரண்டும் வேறு வேறு. சாப்பாட்டில் உப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று வீட்டில் நீங்களாக முடிவு செய்யாமல், எந்த உப்பு, என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்பதில் கூச்சமே வேண்டாம். மருந்தை ஜெனரிக் பெயரில் (கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில்), தெளிவாக, கூடுமானவரை கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்திவிட்டது. அப்பாவின் ஃபைலையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு உங்கள் மெடிக்கலுக்குக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு அட்டையிலும் மார்க்கரால் வேளையை எழுதித் தரச் சொல்லுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் வராமல் மதியம் வந்தால் நாங்களும் நிதானமாகச் சொல்லுவோம். சம்மரியில் இல்லாத விவரம் ஏதாவது வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட், அதாவது அங்கே இருந்தபோது எழுதிவைத்த சிகிச்சைப் பதிவு, அதன் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். 2002ஆம் ஆண்டு விதிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.