மூன்றாவது கருவும் தங்கவில்லை: என் எதிர்ப்பு சக்திதான் காரணமா?

(தொண்டையார்பேட்டை வாசகிக்கு, வயது 29)

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மூன்றாவது கரு 14-வது வாரத்தில் போன பிறகு இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது, எண்ணெய் தேய்த்தோம், பத்து நாளில் அடங்கிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது இதுதான். ஒரு கால் மட்டும் வீங்குவது இரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். மறுபடி வீங்கினால், முட்டிக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, தையல் டேப்பால் இரண்டு காலையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வேண்டும். குறைவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சிரைத்தால் நேரே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவு.

உங்கள் உடம்பு குழந்தையை எதிரியாக நினைத்துக் கொல்லவில்லை. சிலருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற ஆன்டிபாடிகள் (எதிர்ப்பு சக்தி உண்டாக்கும் புரதங்கள்) உருவாகும். அவை நச்சுக்கொடி சரியாக வேர்விடாமல் கெடுக்கும், அதற்குள் இரத்தத்தை உறைய வைக்கும். கால் இரத்தக்குழாயிலும் இரத்தத்தை உறைய வைக்கும். மூன்று பரிசோதனைகள் போதும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். கரு போய் ஆறு வாரமாவது கழித்து, ஹெப்பாரின் ஊசி (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தொடங்கும் முன் எடுங்கள். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல் கூட சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டலாம்.

உறுதியானால் சிகிச்சை உண்டு: தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி., அதோடு தோலுக்கடியில் ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் நச்சுக்கொடியைத் தாண்டாது, குழந்தையைத் தொடாது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் தொடர வேண்டும். காலில் கட்டி இருந்தது உறுதியானால் ஊசியின் அளவும் காலமும் மாறும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆஸ்பிரினை மட்டும் விழுங்குகிறீர்களே, இந்த நோய்க்கு அது போதாது, வேறு காரணமென்றால் பயனே இல்லை. நிறுத்துங்கள்.

கணவரின் வெள்ளணுக்களை ஊசியாகப் போடுவது, இரத்தத்தில் என்.கே. செல் (ஒருவகை வெள்ளணு) எண்ணுவது, கொழுப்பு டிரிப் ஏற்றுவது, இவை எதற்கும் பலன் நிரூபணமாகவில்லை. இதற்கெல்லாம் நகையை அடகு வைக்காதீர்கள். டார்ச் டெஸ்டும் (சில தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை) வேண்டாம். பப்பாளி, ஷேர் ஆட்டோ, தண்ணீர்க் குடம் எதுவும் காரணமில்லை. உங்கள் முதல் இரண்டு கருவும் எட்டு வாரத்துக்குள் போனவை. அந்த வாரங்களில் கலைவது பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால்தான். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பாருங்கள்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகும்போது 14-வது வார ஸ்கேன் அறிக்கையை மறக்காமல் எடுத்துப்போங்கள். குழந்தையின் உருவம் சரியாக இருந்ததா என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். கால் வீங்கியதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.