சம்பளம் மாதக் கடைசிவரை வர, தேதிக் கணக்கு போடுங்கள்

கேள்வி: முதல் வேலை. முதல் முறையாக வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போகிறேன். சம்பளம் மாதக் கடைசிவரை வர என்ன செய்ய வேண்டும்? வேறு என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

சம்பளம் வரும் தேதி ஒன்று, செலவு வந்து நிற்கும் தேதி இன்னொன்று. புதிதாகத் தனியே போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் பட்ஜெட் எழுதும்போது எவ்வளவு என்பதற்குப் பக்கத்திலேயே எந்தத் தேதி என்றும் எழுதுங்கள்.

முதல் மாதமே இதற்குச் சோதனை. வேலையில் சேர்ந்த மாதம் முடிந்தபிறகுதான் சம்பளம் வரும். மாத நடுவில் சேர்ந்திருந்தால் அதுவும் பாதிதான் வரும். முன்பணம், வாடகை, படுக்கை, வாளி, பாத்திரம் எல்லாம் அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். முன்பணம் போக இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் கிளம்புங்கள். இல்லையென்றால் வீட்டில் கடனாகக் கேளுங்கள், எந்த மாதம் திருப்பித் தருவீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைக்கு வரும் சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள்வோம். வாடகை 30க்குள் இருக்கட்டும். வாடகை, மின்சாரம், இணையம், போன், கடன் தவணை என்று மாதாமாதம் கட்டியே தீர வேண்டியவை எல்லாம் சேர்ந்து 55க்குள் அடங்க வேண்டும். 60ஐத் தாண்டினால் வீட்டை மாற்றுவதோ, பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவதோதான் வழி. டீச்செலவைக் குறைத்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

நிறையப் பேர் கவிழ்வது மாதாமாதம் வராத செலவில். காப்பீடு, ஊருக்குப் போய்வருவது, உடை, கண்ணாடி, பல் வைத்தியம், போன் பழுது. ஒரு தாளில் 12 மாதத்தையும் எழுதி, எது எந்த மாதம் வரும் என்று குறியுங்கள். காப்பீடு 24 பங்கு, பயணம் 30, உடையும் செருப்பும் 18, மருத்துவம் 12, பழுது 12 என்றால் ஆண்டுக்கு 96, மாதத்துக்கு 8. இதைச் சம்பளக் கணக்கில் விடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். கண்ணில் படும் பணம் செலவாகிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. காப்பீடும் பயணமும் 4ஆம் மாதமே வந்தால் 54 பங்கு வேண்டும். மாதம் 8 வீதம் போட்டால் அதற்குள் 32தான் சேர்ந்திருக்கும். ஆகவே முதல் நாலு மாதம் 14 வீதம் ஒதுக்குங்கள். அதன்பிறகு 8ஆகக் குறைத்து, மிச்சமாகும் 6ஐ அவசர நிதியாகச் சேர்த்து வாருங்கள்; மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை அதை எடுக்காதீர்கள்.

55ம் 14ம் போக 31 மிஞ்சும். சாப்பாடு, மளிகை, போக்குவரத்து, சினிமா எல்லாம் இதில்தான். இதை நாலு வாரத்துக்குப் பிரிப்பதுதான் வழக்கமான தவறு. வாரம் 7.75 என்று செலவழித்தால் 28ஆம் நாள் கை காலி, மீதி மூன்று நாள் கடன். 31ஆல் வகுங்கள்: நாளுக்கு 1, வாரத்துக்கு 7. அந்த 7ஐ மட்டும் வாரம் ஒருமுறை செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தவணையும் பில்லும் தானாகவே போகும் தானியங்கிப் பிடித்தங்களைச் சம்பளத் தேதியன்றே வைக்காதீர்கள். விடுமுறையால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பிடித்தம் திரும்பி அபராதம் விழும். மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

கிரெடிட் கார்டு எடுத்தால் முழு பாக்கியையும் கட்டுங்கள். மாத வட்டி 3 சதவீதம், மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 பாக்கிக்கு நீங்கள் கட்டும் 5ல் 3 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் பல கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது.

வீட்டுக்குள் சாமான் இறக்குமுன் சுவர், தரை, கதவு, குழாய் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள். முன்பணம் திரும்பி வர அதுதான் சாட்சி. மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் படமெடுங்கள். மெயின் சுவிட்சும் தண்ணீரை நிறுத்தும் வால்வும் எங்கே என்று அன்றே பாருங்கள். தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்க, எல்லாக் குழாயையும் மூடி ஒரு மணி நேரம் கழித்து மீட்டரைப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் முதல் சந்தேகம் கழிவறையின் ஃபிளஷ் தொட்டி. தொட்டியில் ஒரு சிட்டிகை சமையல் கலர்ப்பொடி போட்டு, ஃபிளஷ் செய்யாமல் 15 நிமிடம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. மலிவான பாகம்தான், ஆனால் இரவும் பகலும் உங்கள் பணம் ஒழுகும்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும், கிருமி பெருகுவது அங்கேதான். தட்டையான சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் தின்று தீர்க்க முடியும் அளவே சமையுங்கள்.

நண்பர்களோடு வீடு எடுத்தால், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பாக்கியைக் கேட்பார்கள். உங்கள் பெயரில் இருந்தால், கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பே எல்லோர் பங்கையும் வாங்கிவிடுங்கள். ஒருவர் காலி செய்தால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், அவர் பங்கு முன்பணத்தை யார் தருவது என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.