வீசையும் கிலோவும் பால் டப்பாவும்: மளிகைக் கடை பற்றிய வாசகர் கேள்விகள்

தட்டோனிலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் ஊர் மளிகைக் கடையில் துவரம்பருப்பைச் சில்லறையாக வீசை 5,000 கியாட்டுக்கு நிறுத்துத் தருகிறார்கள். அதே கடையில் உறையில் அடைத்த ஒரு கிலோ பொட்டலம் 3,600 கியாட். பொட்டலம்தான் மலிவு என்கிறாள் மருமகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தஞ்சாவூர் உறவினர்கள் எழுதி அனுப்பும் பலகாரக் குறிப்புகளும் கிலோக் கணக்கிலேயே வருகின்றன. இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உங்கள் மனம் சொன்னதே சரி, அம்மா. பர்மாவில் வழங்கும் ஒரு வீசை 100 டிக்கல். கிலோக் கணக்கில் 1.633 கிலோ. ஆகவே ஒரு கிலோ என்பது 61 டிக்கலுக்குச் சற்றுக் கூடுதல். வீசை விலையை ஐந்தாகப் பகுத்து அதில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டால், கடை வாசலில் நின்றபடியே கிலோ விலை ஏறக்குறையக் கிடைத்துவிடும். 5,000 கியாட்டுக்கு அந்தக் கணக்கு 3,000 என்று வரும். நுணுக்கமாகப் பார்த்தால் 3,062. நீங்கள் பொட்டலத்தை வாங்கினால் கிலோவுக்கு 540 கியாட் வரை கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். பொட்டலத்துப் பருப்பு கல், உமி நீக்கித் தரம் பிரித்ததாக இருந்தால் அந்தக் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. அதே மூட்டைப் பருப்பை அடைத்து விற்கிறார்கள் என்றால் இல்லை. மருமகளைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு எண்களை அருகருகே பார்க்கும் எவருக்கும் சிறிய எண்ணே மலிவாகத் தோன்றும்.

பலகாரக் குறிப்புக்கும் இதே வழிதான். அதிரசத்துக்கு ஒரு கிலோ பச்சரிசியும் முக்கால் கிலோ வெல்லமும் என்று எழுதியிருந்தால், 61 டிக்கல் அரிசியும் 46 டிக்கல் வெல்லமும் கேட்டு வாங்குங்கள். வெல்லத்துக்குப் பதிலாக மேல் பர்மாவின் பனங்கருப்பட்டியை வாங்குவதானால், பாகு வைக்கும்போது பக்குவத்தைக் கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்; எடை மட்டும் போதாது.

உங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கைப்பிரதி ஏதேனும் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் ‘வீசை’ என்றே எழுதியிருக்கும். ஆனால் அது நம்முடைய வீசை அன்று. சென்னை மாகாணத்து வீசை 40 பலம் கொண்டது, ஏறத்தாழ 1,400 கிராம். இரண்டுக்கும் இடையே 200 கிராமுக்கு மேல் வேறுபாடு. கடல் கடந்து வந்த சொல் இங்கேயே தங்கிவிட்டது. எடை மட்டும் மாறிவிட்டது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு வீசை படிப்படியாக மறைந்தது. நாம் இன்றும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வெங்காயம் வாங்குகிறோம் என்பதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

மோல்மேனிலிருந்து ஒரு வாசகர்: அரிசியைப் பால் டப்பாவால் அளந்து தருகிறார்கள். வீட்டில் நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எடை வேறாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றாமலும் வேறுபடும், ஏமாற்றினாலும் வேறுபடும், இரண்டையும் பிரித்தறிய வேண்டும். கெட்டிப்பால் டப்பா எட்டு கொண்டது ஒரு பியீ, பதினாறு பியீ கொண்டது ஒரு கூடை என்பது நம் கடைவீதிக் கணக்கு. ஒரு பியீ அரிசி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும், ஆகவே ஒரு டப்பா கால் கிலோவை ஒட்டியிருக்கும். ஆனால் இது கொள்ளளவே தவிர எடை அன்று. குட்டையும் பருமனுமான பவ்சான் அரிசியும், நீண்ட மணியுடைய அரிசியும், நொய் கலந்த அரிசியும் ஒரே டப்பாவுக்குள் ஒரே மாதிரி அடைவதில்லை. அறுவடை முடிந்து சில வாரமே ஆன புது அரிசியில் ஈரம் மிகுதி. அதன் எடையில் ஒரு பங்கு தண்ணீருக்குரியது. பழைய அரிசி உலையில் கூடுதலாகப் பொங்கும், சோறும் நிறையக் காணும்.

இனி ஏமாற்றைப் பற்றிச் சொல்கிறேன். என் சிறு வயதில் அம்மா என்னை அனுப்பிய கடை ஒன்றில் இருந்த டப்பா இன்றும் என் கண்முன் நிற்கிறது. வெளியே பளபளவென்று துடைத்திருக்கும். அடித்தகடு மட்டும் உள்பக்கமாகக் குழிந்து மேலெழும்பியிருக்கும். அளப்பவரின் கட்டை விரல் எப்போதும் விளிம்புக்கு உள்ளேயே இருக்கும். எட்டு டப்பா அளந்து முடிப்பதற்குள் அந்த விரலும் அந்தக் குழிவும் சேர்ந்து ஒரு பிடி அரிசியைத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒரு பிடி அரிசி என்பது தம்பியின் காலைக் கஞ்சி. அம்மா ஒரு நாள் தாமே கடைக்கு வந்து, சண்டையிடாமல், டப்பாவைக் கவிழ்த்துக் காட்டும்படி கேட்டார். மறுவாரம் வேறு டப்பா வந்திருந்தது. நீங்களும் அதைச் செய்யுங்கள். டப்பாவின் அடியைப் பாருங்கள். தலை தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பதை முதல் டப்பாவிலேயே பேசி முடிவு செய்து, எட்டு டப்பாவையும் அவ்வாறே அளக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையை நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

தராசில் நிறுப்பவர்களிடமும் கவனம் தேவை. சிறு எடைக்கற்களுக்குப் பதிலாக டார்ச் விளக்கின் பழைய பேட்டரியைத் தட்டில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனி பேட்டரியின் எடை மற்றொன்றுக்கு இராது. மிளகு, ஏலக்காய் போன்ற விலையுயர்ந்த சரக்கை அப்படி நிறுக்க அனுமதிக்கக் கூடாது.

பெகுவிலிருந்து ஒரு வாசகி: கடலை எண்ணெயை வீசையில் வாங்குவதா, லிட்டர் போத்தலில் வாங்குவதா? கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 56 டிக்கல் எடையே நிற்கும். ஒரு வீசை எண்ணெய் ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சிறிது கூடுதல். இதை வைத்து இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பாமாயில் விலை குறைந்தது என்பதால், கடலை எண்ணெயில் அதைச் சேர்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. குளிர்காலக் காலையில் போத்தலின் அடியில் வெண்மையாகப் படிந்திருந்தால் ஐயப்படலாம். குளிர்பெட்டியில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம், ஏனெனில் அந்தக் குளிரில் சுத்தமான கடலை எண்ணெயே கலங்கும். அருகில் செக்கு இருந்தால் எதிரில் நின்று ஆட்டி வாங்குவதைவிட உறுதியான வழி வேறில்லை.

அதே ஊரிலிருந்து மற்றொரு வாசகர்: உளுந்து நம் வயலில் விளைகிறது. அப்படியிருந்தும் அதன் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

பதில்: வயல் இங்கே இருந்தாலும் பெரிய வாடிக்கையாளர் இந்தியா. பர்மியர் மத்பே என்று சொல்லும் உளுந்தும் பெசிங்கோன் என்று சொல்லும் துவரையும் பெரும்பாலும் அங்கேதான் கப்பலேறுகின்றன. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது இங்கே விலை சரிந்து விவசாயிகள் துன்பப்பட்டனர். 2021இல் ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்குவதாக இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. டில்லியில் போடும் கையெழுத்து உங்கள் இட்லி மாவு வரை வந்து சேருகிறது. நெல் அறுத்த வயலில் விதைக்கும் உளுந்து பிப்ரவரி, மார்ச் மாதங்களில் களத்துக்கு வரும். அப்போது மூன்று நான்கு மாதத் தேவைக்கு வாங்கி, நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு மூடி வையுங்கள்.

மோல்மேனிலிருந்து ஒரு வாசகி: கடையில் பற்று வைத்து வாங்குகிறோம். மாதக் கடைசியில் தொகை எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருகிறது.

பதில்: கடைக்காரர் நோட்டில் தொகையை மட்டும் எழுதுகிறார் என்று நினைக்கிறேன். நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, பொருள், எத்தனை டிக்கல், வீசை என்ன விலை என்ற நான்கையும் வாங்கிய அன்றே எழுதி, அவர் எதிரிலேயே இரண்டு நோட்டையும் ஒத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு மனம் கோண மாட்டார். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும் நாட்களில் நோட்டையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.